பலாப்பழத்தைத் தட்டுவதுபோல பூமியைத் தட்டுகிறார்கள்!

கல்வராயன் அடிவாரத்தில் போர்வெல் போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய நில அதிர்வு ஆய்வு

கச்சிராயபாளையம், சின்னசேலம் பக்கம் கோடையில் ரிக் லாரி சத்தம் கேட்காத நாள் குறைவு. கரும்பு காய்கிறது, மரவள்ளி வாடுகிறது என்றதும் ஒருவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நிலத்தைச் சுற்றி வருகிறார். இன்னொருவர் வேப்பங்குச்சியோடு நடக்கிறார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் லாரி நிற்கிறது. 300 அடி, 500 அடி, 800 அடி... கடைசியில் புகையாகப் பறப்பது பாறைப் பொடி மட்டுமே. நகை அடகுக்குப் போனதும் கடன் ஏறியதும்தான் மிச்சம்.

காலடியில் என்ன இருக்கிறது என்பதைத் தோண்டாமலே தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. அதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் புவி இயற்பியலாளர்கள். அவர்களின் முக்கியமான கருவி நில அதிர்வு. அதனால் முடிவது எது, முடியாதது எது என்று தெரிந்துகொண்டால் விவசாயிக்குப் பணமும் மிஞ்சும், ஏமாற்றமும் குறையும்.

தட்டினால் பதில் வரும்

மலையில் பலாப்பழம் வாங்குபவர் முதலில் விரலால் தட்டிப் பார்க்கிறார். சந்தையில் பானை வாங்குபவரும் அப்படித்தான். பழுத்ததா, விரிசல் உண்டா என்பதைச் சத்தம் சொல்லிவிடுகிறது. நில அதிர்வு ஆய்வும் இதே வேலைதான்.

தரையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, பெரிய சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அந்த அதிர்வு மண்ணுக்குள் அலையாகப் பரவும். நேர்கோட்டில் ஊன்றிவைத்த ஜியோபோன் என்ற சிறு உணர்கருவிகள், அலை எத்தனை மில்லி விநாடியில் தங்களை வந்தடைந்தது என்று பதிவு செய்யும். 5 மீட்டருக்கு ஒன்றாக 24 ஜியோபோன் ஊன்றினால் கோட்டின் நீளம் 115 மீட்டர்.

ரகசியம் அலையின் வேகத்தில் இருக்கிறது. காய்ந்த மேல்மண்ணில் அலை விநாடிக்குச் சில நூறு மீட்டர்தான் போகும். நீர் நிறைந்த மண், மணலில் சுமார் 1,500 மீட்டர். பிளவில்லாத கரும்பாறையில் 5,000 மீட்டருக்கு மேல் பாயும். எந்த ஜியோபோனிலிருந்து அலை திடீரென்று வேகமெடுக்கிறது என்று பார்த்தால், மேல்மண் எவ்வளவு, சிதைந்த பாறை எவ்வளவு, கெட்டிப்பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். சம்மட்டி அடியில் பொதுவாக 80 முதல் 100 அடி ஆழம் வரை பார்க்கலாம். அதற்குக் கீழே போக, அடியும் பலமாக வேண்டும், கோடும் நீளமாக வேண்டும்.

குப்பம் முதல் பழநி வரை

பூமியின் தோல் எவ்வளவு தடிமன் என்பதை முதலில் காட்டிக்கொடுத்ததும் அதிர்வு அலைதான். 1909-ல் குரோஷியாவில் ஒரு நிலநடுக்கம். அதன் பதிவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரியா மோகோரோவிசிச், குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே அலை சட்டென்று வேகமெடுப்பதைக் கண்டார். மேலோடு முடிந்து அடுத்த அடுக்கு தொடங்கும் அந்த எல்லையை இன்றும் 'மோகோ' என்று அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இந்தியாவில் இந்த வேலையைக் கையில் எடுத்தது, 1961-ல் தொடங்கப்பட்டு ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே கே.எல்.கைலா தலைமையில், சோவியத் யூனியன் விஞ்ஞானிகளின் துணையோடு, 1972-ல் நாட்டின் முதல் ஆழ்நில அதிர்வு ஆய்வு தொடங்கியது. ஆந்திரக் கடற்கரையின் காவலியிலிருந்து கர்நாடகக் கடற்கரையின் உடுப்பி வரை, ஏறத்தாழ 600 கி.மீ. தீபகற்பத்தின் குறுக்கே கோடு போட்டார்கள். முடிவு 1979-ல் வெளிவந்தது.

அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் பி.ஆர்.ரெட்டி. சுமார் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2003-ல் வெளியான இன்னோர் ஆய்வறிக்கையில் அவர் பெயர் முதலாவதாக நின்றது. அந்த ஆய்வின் கோடு ஆந்திராவின் குப்பத்தில் தொடங்கி, தருமபுரி மாவட்டத்தின் பொம்மிடி, மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் வழியாகப் பழநி வரை போகிறது. கல்வராயனுக்கு மேற்கே, சேர்வராயன் மலையை ஒட்டிய பாதை. ஒரு புவி இயற்பியலாளரின் பணிக்காலம் இப்படித்தான் நகர்கிறது. சில மாதங்கள் வயல்வெளியில் கேபிள் இழுப்பது, பிறகு பல ஆண்டுகள் அலைகளைக் கணக்கிடுவது.

இத்தனை ஆழத்துக்குச் சம்மட்டி போதாது. தரையில் துளையிட்டு, உள்ளே வெடி வைத்து, பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஜியோபோன்களைப் பரப்பி வைப்பார்கள். 45 கி.மீ. ஆழத்துக்குப் போய் எதிரொலித்துத் திரும்ப அலைக்கு ஆகும் நேரம் சுமார் 14 விநாடிதான். அந்த 14 விநாடிப் பதிவுகளிலிருந்துதான் தமிழகத்தின் மலைகளுக்குக் கீழே மேலோடு 40 கி.மீ.க்கும் அதிகத் தடிமன் என்பது தெரிந்தது. பழைய காலத்தில் நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதிய தழும்புகளும் அதில் புலப்பட்டன.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். 1900 பிப்ரவரி 8-ல் கோவையை ரிக்டர் 6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 1993 செப்டம்பர் 30-ல் மகாராஷ்டிராவின் கில்லாரியில் கெட்டிப்பாறை நிலம் அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பாறை நாட்டில் நில அதிர்வு வராது என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. பூமிக்குள் பழைய பிளவுகள் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்தால்தான் அணையையும் பாலத்தையும் அதற்கேற்பக் கட்ட முடியும்.

மலை உச்சியில் பூமியின் அடிப்பாகம்

கல்வராயனில் பெரும்பாலும் கண்ணில் படுவது சார்னோக்கைட் என்ற கருமையான பாறை. சென்னை பல்லாவரம், பரங்கிமலையில் இருப்பதும் இந்த வகைதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கி.மீ.க்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. மேலிருந்த பாறைகள் தேய்ந்து கரைந்துபோக, அன்றைக்கு அடியில் கிடந்தது இன்று வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் தலைக்கு மேல் நிற்கிறது.

விவசாயிக்கு இதிலுள்ள பாடம் முக்கியமானது. இப்படி வெந்து இறுகிய பாறைக்குள் தண்ணீர் தங்க இடமே கிடையாது. மேலே சிதைந்து பொடிந்த பகுதியிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். கிழக்கே நெய்வேலிப் பக்கம் நிலம் வேறு. அங்கே இருப்பது மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்த பூமி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வந்ததுதான் பழுப்பு நிலக்கரிக்கு முதல் தடயம். கிழக்கே 1,000 அடியில் ஊற்று கிடைத்தது என்ற கதையை நம்பி, கல்வராயன் அடிவாரத்தில் 1,000 அடி துளைப்பது சரியான கணக்கு ஆகாது.

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: நில அதிர்வு ஆய்வில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரியுமா?

பதில்: நேரடியாகத் தெரியாது. பாறையின் கெட்டித்தன்மையைத்தான் அது காட்டும். ஈரமான மணலும் காய்ந்த சிதைவுப் பாறையும் ஒரே வேகத்தைக் காட்டலாம். அதனால், கிணற்றுக்கு இடம் பார்க்கும்போது மின்தடை ஆய்வைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். நீர் உள்ள இடத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆனால், களிமண்ணும் உப்புநீரும்கூட அதே மாதிரி காட்டும். இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. வேளாண் பொறியியல் துறை மூலம் மின்தடை ஆய்வு செய்யலாம். வட்டார அலுவலகத்தில் விசாரிக்கவும்.

கேள்வி: ஆய்வு செய்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் நிச்சயமா?

பதில்: நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம். 600 அடியில் இருக்கும் விரல் அகல வெடிப்பை மேலிருந்து துல்லியமாகக் காட்டும் கருவி இல்லை. வாய்ப்பு அதிகமுள்ள இடத்தையும், துளைக்கவே கூடாத இடத்தையும் ஆய்வு பிரித்துக் காட்டும். இரண்டாவதுதான் பெரிய லாபம்.

கேள்வி: பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?

பதில்: பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம் வேண்டும். பிறகு இயற்பியல் அல்லது புவியியலில் இளநிலை. அதன்பின் புவி இயற்பியலில் முதுநிலை. ஹைதராபாத் உஸ்மானியா, விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழகங்கள், கரக்பூர் ஐ.ஐ.டி., தன்பாத் ஐ.ஐ.டி. ஆகியவற்றில் இந்தப் படிப்பு உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆகியவற்றுக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது. எண்ணெய் நிறுவனங்களிலும் வேலை உண்டு. வருடத்தில் சில மாதங்கள் காட்டிலும் மேட்டிலும் தங்க மனம் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கருவி இல்லாமலே விவசாயி செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. போர் போடும்போது லாரி பக்கத்தில் நின்று, எத்தனை அடியில் மண் முடிந்தது, கேசிங் எத்தனை அடி இறங்கியது, எங்கே பொடியின் நிறம் மாறியது, எங்கே ஈரம் தட்டியது என்று எழுதி வைக்க வேண்டும். தண்ணீர் வராத போருக்கும் எழுத வேண்டும்.

பத்து விவசாயிகள் இப்படி எழுதினால் ஊருக்கே நிலத்தடி வரைபடம் ஆகிவிடும். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பதும் பக்கத்துக் கிணற்றுக் கணக்கைத்தான். தண்ணீர் வராத ஒரு போருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நோட்டுப் புத்தகத்தின் விலை ஒன்றுமே இல்லை.