எதிர்பாராமல் வந்த இரண்டு வாரம்

'கடற்கரையில் ஒரு நாள்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் பிழையில்லாமல் எழுதிக் கொண்டுவந்தான். அலை, மணல், படகு, மாலைச் சூரியன் எல்லாம் இருந்தன. "எந்தக் கடற்கரைக்கடா போனாய்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "போனதில்லை சார். புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்" என்றான். எங்கள் தோட்டத்திலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரை 40 கிலோமீட்டர்தான்!

அவன் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை மரத்தோடு மல்லுக்கட்டும் உழைப்பாளி அவர். "ஊர் சுற்றுவதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம் சார்" என்பார். வாசகர்களே, நம்மில் பலரும் அப்படித்தானே எண்ணுகிறோம்? ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் தொழிலாளிகள் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் ஒரே கோடைக்காலத்தில் எப்படி மாறியது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அது 1936ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் அரசாங்க ஊழியர் சிலருக்கும் வசதி படைத்தவர்களுக்கும்தான் விடுமுறை. ஆலைத் தொழிலாளி லீவு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். கடலும் மலையும் உள்ள நாடுதான். ஆனால் கடலைக் கண்ணால் காணாத தொழிலாளர் பிள்ளைகள் அங்கே ஏராளம்.

அந்த மே மாதம் லெ ஹாவ்ர் என்ற துறைமுக நகரத்தில், மே தினத்தன்று வேலைக்கு வராத இருவரை ஒரு விமானத் தொழிற்சாலை வேலையிலிருந்து நீக்கியது. மற்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். வெளியே வரவில்லை, உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். இந்த நெருப்பு ஊர் ஊராகப் பரவியது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். வீட்டுப் பெண்கள் ஆலை வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பாட்டுப் பாடியும் ஆடியும் பொழுதைக் கழித்தார்கள்.

அப்போதுதான் தேர்தலில் வென்று பிரதமரான லியோன் புளும், முதலாளிமாரையும் தொழிற்சங்கத்தாரையும் ஜூன் 7ஆம் தேதி ஒரே மேசையில் உட்கார வைத்தார். சம்பளம் 7 முதல் 15 விழுக்காடு வரை கூடியது. இரண்டு வாரம் கழிவதற்குள், ஜூன் 20ஆம் தேதி, இன்னொரு சட்டமும் வந்தது. ஓராண்டு வேலை செய்த ஒவ்வொருவருக்கும் 15 நாள் விடுமுறை, அதுவும் சம்பளத்தோடு!

எண்ணிப் பாருங்கள். போன மாதம்வரை கனவிலும் இல்லாத ஒன்று இந்த மாதம் கையில் இருக்கிறது. "வேலை செய்யாமலே சம்பளமா?" என்று ஒரு குடும்பம் திகைத்தால் அதில் வியப்பு உண்டா? பலருக்கு எங்கே போவது, என்ன செய்வது என்றே தெரியவில்லை. அந்த முதல் ஆண்டில் வீட்டிலேயே இருந்து ஓய்வெடுத்தவர்களும் நிறையப் பேர்.

விடுமுறை கொடுத்தால் போதுமா, போய்வரப் பணம் வேண்டாமா? இதையும் ஒருவர் யோசித்தார். விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பேற்றிருந்த இளம் துணை அமைச்சர் லியோ லக்ராஞ்ச் என்பவர் அவர். தொழிலாளியும் குடும்பமும் ஆண்டுக்கு ஒரு முறை போய்வர, ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடி பெற்றுத் தந்தார். ஆகஸ்டு மாதம் ரயில்கள் நிரம்பி வழிந்தன. அந்த ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் அந்தச் சீட்டில் பயணம் செய்தார்கள். சீட்டு வாங்க முடியாதவர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிளின் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு.

எங்கே போனார்கள் தெரியுமா? சிலர் கடலுக்குப் போனார்கள். ஆனால் மிகப் பலர் போனது சொந்தபந்தங்களின் வீட்டுக்கு! பட்டணத்து ஆலைக்குப் பிழைக்க வந்தவர்களின் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாரும் கிராமத்தில்தானே இருந்தார்கள்? தங்கும் செலவு இல்லை. சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. தாத்தா பாட்டி மடியில் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அப்பாவை எப்போதும் களைத்துப்போன முகத்தோடு பார்த்துப் பழகிய பிள்ளைகள், அவர் சிரித்து விளையாடுவதைக் கண்டார்கள்.

பணக்காரர் சிலர் முகம் சுளித்தார்கள். தொப்பி போட்ட கூலிகள் வந்து கடற்கரையை அசுத்தப்படுத்துகிறார்கள் என்று ஏசினார்கள். ஏச்சு நிற்கவில்லை, ரயில்களும் நிற்கவில்லை.

பின்னால் போர் வந்தது. லக்ராஞ்ச் 1940 ஜூன் மாதம் போர்க்களத்தில் உயிர் துறந்தார். போரில் நாடு தோற்றதற்குப் பொறுப்பு என்று சொல்லி, புளுமை 1942இல் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அங்கேயும் அவர் இந்த விடுமுறையைப் பற்றிப் பேசினார். பாரிசு நகரின் புறத்தே சாலைகளில் தொழிலாளத் தம்பதிகள் இரட்டைச் சைக்கிளில் போவதைக் கண்டபோது, இருண்ட வாழ்க்கைகளில் சற்று வெளிச்சம் கொண்டுவந்தோம் என்று மனம் நிறைந்ததாகச் சொன்னார். அந்த வெளிச்சம் அணையவில்லை. 15 நாளாகத் தொடங்கிய விடுமுறை 1956இல் 3 வாரம், 1969இல் 4 வாரம், 1982இல் 5 வாரம் என்று வளர்ந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். நமக்கும் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், 2 ஆண்டு முடிந்தால் 12 நாள், 5 ஆண்டுக்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். காரணமும் அனுமதியும் இல்லாமல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேலைக்கு மட்டம் போட்டால் அந்த உரிமை போய்விடும். உரிய காலத்துக்குள் எடுக்காமல் விட்டாலும் போய்விடும். உங்களுக்கு எத்தனை நாள் பாக்கி என்று ஆபீசில் கிராணியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

பெரிய செலவு வேண்டாம். பள்ளி விடுமுறையோடு சேர்த்து, முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுங்கள். மைலோ டின்னில் வாரம் 5 வெள்ளி போட்டு வாருங்கள். வேறு தோட்டத்தில் அக்கா இருப்பார். பட்டணத்தில் சித்தப்பா இருப்பார். அரிசியும் கருவாடும் கொண்டுபோய் அங்கே இரண்டு நாள் தங்குங்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நாள் கடலுக்குப் போய்வாருங்கள். பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்ல வேண்டாம். காலையில் எழுப்பி, "கிளம்புங்கள்!" என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகங்களைக் காணக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பையனின் அப்பாவிடம் இந்தப் பிரான்சுக் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "எனக்கு 16 நாள் இருக்குமா சார்?" என்று கேட்டார். "20 வருடமாக இருக்கிறதே ஐயா" என்றேன். அடுத்த மாதம் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பையனுக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை.