மருந்து நூலும் உரிமையும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதனுள் 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறள்களும் உண்பான் தன் பசியும் அளவும் தானே அறிந்து உண்ணுதலைக் கூறுவன. மருத்துவன் செயல் 948ஆம் குறளிலேதான் தொடங்குகின்றது. இறுதிக் குறள் மருத்துவத்தின் நாற்கூற்றுள் நோயுற்றவனை முதற்கண் வைக்கின்றது. அவன் பணிந்தொழுகல் வேண்டும் என்பதற்கு ஆங்கு ஒரு சொல்லும் இல்லை. உரை கண்ட பரிமேலழகரோ ஒவ்வொரு கூற்றையும் நந்நான்காக விரித்து, நோயாளிக்குரியன நான்கனுள் பொருளுடைமையோடு மருத்துவன் வழி நிற்றலையும் சேர்த்தார். வாக்படரின் அட்டாங்க இருதயத்தும் இந்நான்கே காணப்படுதலின், உரையாசிரியர் வடமொழி மருத்துவ மரபைத் தழுவினார் எனல் பொருந்தும். நோயாளி தன்னுடற்குத் தானே உரியனா, பிறர் ஆணைக்கு உரியனா என்னும் வழக்கு, இங்ஙனம் மூலத்திற்கும் உரைக்கும் இடையிலேயே தோன்றிவிட்டது.

சித்தர் நூல்கள் இவ்வழக்கை வேறொரு வகையில் வளர்த்தன. சரக்குகளின் இயற்பெயரை மறைத்துக் குழூஉக்குறியால் வழங்கும் பரிபாடை அவற்றின் இயல்பு. தகுதியற்றவன் கையில் நஞ்சாகக் கூடியது பாடாணம். ஆதலின் மறைப்பு வேண்டற்பாலதே என்பர். அது முழுவதும் பொய்யன்று. ஆயினும் மறைத்தவன் கையில் அதிகாரமும் தங்கிற்று என்பதை மறத்தலாகாது. அதிகாரம் ஒரு குடும்பத்திடம் இருந்தால் மரபு என்கின்றோம். அரசிடம் இருந்தால் கட்டுப்பாடு என்கின்றோம்.

இப்பூட்டைத் திறக்க முயன்றவருள் தலையாயவர் டி. வி. சாம்பசிவம் பிள்ளை. சென்னைக் காவல் துறையில் பணிபுரிந்த அவர் தொகுத்த பேரகராதியின் முதற் பகுதிகள் 1930களில் வெளிவந்தன. பரிபாடைச் சொற்களுக்கு யாரும் பொருள் காணுமாறு செய்த அவ்வுழைப்பு தனியொருவரது. பல்கலைக்கழகம் ஒன்றும் அவரை ஏவவில்லை.

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துள் 1964இல் உள்நாட்டு மருந்துகட்கெனத் தனி இயல் சேர்க்கப்பட்டது. அப்போது சித்தம் தனிப்பெயர் பெறாது, ஆயுர்வேதத்துள் அடக்கப்பட்ட ஒன்றாகவே குறிக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டுத் திருத்தமே அதனைப் பிரித்துக் கூறிற்று. மருந்து செய்து விற்பார்க்கு உரிமம் வேண்டும். தம் நோயாளிக்கெனத் தாமே மருந்து செய்யும் வைத்தியர்க்கு வேண்டா என்பது அவ்வியலின் விதிவிலக்கு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆச்சிமார் வசம்பும் மாசிக்காயும் கடுக்காயும் இழைத்துக் குழந்தைக்குப் புகட்டும் உரைமருந்தைச் சட்டம் தொடவே இல்லை. ஆனால், வைத்தியர் என்பார் யார் என்னும் வினா நாளுக்குநாள் இறுகி வந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம், பட்டம் பெறாது நெடுங்காலம் தொழில் செய்தார் சிலர்க்கு இடமளித்தது. கேரளத்து மரபுவழி வைத்தியர் தொடுத்த வழக்கில், ஏற்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லார் மருத்துவம் செய்தல் கூடாதென உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. போலி மருத்துவரால் இறப்போரை எண்ணுங்கால் இத்தீர்ப்பைக் குறைகூற இயலாது. ஆயினும் பரம்பரை வைத்தியரைத் தேடிச் செல்லும் நோயாளியின் விருப்பம் இதனாற் குறுகிற்று என்பதும் உண்மை.

தொழில்நுட்பம் புகுந்தபின் சிக்கல் பெருகிற்று. காயங்களை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துதற்கு அமெரிக்கா 1995இல் வழங்கிய காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து, 1997இல் நீக்குவித்தது. அப்பட்டறிவின் பயனாக 2001இல் மரபறிவு எண்ணிம நூலகம் தொடங்கப்பெற்றது. ஆயுர்வேத, யுனானி நூல்களோடு சித்த நூல்களின் மருந்து முறைகளும் அதன்கண் ஏற்றப்பட்டன. அவை பெயர்க்கப்பட்ட மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து. காப்புரிமை அலுவலகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு அதனைக் காணலாம். 2009இல் ஐரோப்பிய அலுவலகம் அவ்வுரிமை பெற்றது. பிறர்க்கும் படிப்படியாகத் திறக்க 2022 ஆகஸ்டில் நடுவணமைச்சரவை இசைந்தது. தமிழ் நூலிலிருந்து எடுக்கப்பட்ட செய்தியைத் தமிழ் வைத்தியன் காண இயலாது, மியூனிக் நகரத்து அலுவலர் காணும் நிலை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது விந்தையே. களவைத் தடுத்தது என்பதனால் இதன் பயனை மறுத்தல் ஆகாது. சாம்பசிவம் பிள்ளை திறந்த கதவை இது வேறு பூட்டால் அடைத்தது என்பதையும் மறுத்தல் ஆகாது.

தமிழாய்வார்க்கு இதில் பணி உண்டா? உண்டு. மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணை போகர் 700, அகத்தியர் பரிபூரணம் 400 முதலியவற்றை ஏற்புடைய நூல்களாக நிரல்படுத்துகின்றது. பெரும்பாலும் நூற்பெயரே உளது. எப்பதிப்பு, எப்பாடம் என்னும் குறிப்பில்லை. ஏட்டில் ஓரெழுத்துப் பிறழின் சரக்கு மாறும். சரக்கு மாறின் உயிர் போம். இலக்கிய நூலுக்குப் பாடவேறுபாடு தேடித் திரியும் நாம், உயிர்க்கு இன்றியமையாத இந்நூல்களை மருத்துவர்க்குரியன என்று ஒதுக்கிவிட்டோம்.

மூலங்கட்கும் பஞ்சமில்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் ஆயுள் முழுதும் திரட்டிய அச்சு நூல்களுள் மருத்துவ நூல்கள் மிகுதி. அவர் 1992இல் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. ஆனால் நாட்டைவிட்டுக் கொண்டு செல்லாது, அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. முதுகலை மாணவர் எவரும் ஆங்குச் சென்று படிக்கலாம். அட்டவணை கூறும் நூல் ஒன்றைத் தேர்ந்து, அதன் அச்சுப் பதிப்புகளை ஏட்டுப்படிகளோடு ஒப்பிட்டுப் பரிபாடைச் சொற்கட்குப் பொருளடைவும் சேர்த்துப் பதிப்பித்தல் ஒரு முனைவர்ப் பட்ட ஆய்வுக்குப் போதிய பரப்புடையது.