அயர்ன் பவுல்

அயர்ன் பவுல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அலபாமா பல்கலைக்கழகத்திற்கும் ஆபர்ன் பல்கலைக்கழகத்திற்கும் இடையே ஆண்டுதோறும் நடைபெறும் அமெரிக்கக் காற்பந்தாட்டப் போட்டி ஆகும். "இரும்புக் கிண்ணம்" எனப் பொருள்படும் இப்பெயர், போட்டி நீண்ட காலம் நடைபெற்ற பர்மிங்காம் நகரின் இரும்பு, உருக்குத் தொழிலில் இருந்து வந்தது. வழக்கமாக நவம்பர் இறுதியில், நன்றி தெரிவித்தல் நாளை ஒட்டிய சனிக்கிழமையில் ஆட்டம் இடம்பெறுகின்றது. 2024 வரை நடந்த 89 ஆட்டங்களில் அலபாமா 51 ஆட்டங்களையும் ஆபர்ன் 37 ஆட்டங்களையும் வென்றுள்ளன. ஒன்று சமநிலையில் முடிந்தது.

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் பந்து பெரும்பாலும் கையாலேயே ஏந்தப்படுகின்றது. உலகின் பிற பகுதிகளில் காற்பந்து எனப்படும் ஆட்டத்துடன் இதனைக் குழப்பிக் கொள்ளலாகாது. ஒரு நேரத்தில் ஓர் அணிக்குப் 11 பேரே களத்தில் இருப்பர். எனினும் தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்பதற்கு மற்றொரு குழு, உதைப்பதற்கெனத் தனி வீரர்கள் என ஓர் அணிக்கு ஏராளமானோர் தேவைப்படுகின்றனர். எத்தனை பேரை ஓர் அணி தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி இவ்விளையாட்டில் இந்த அளவு முதன்மை பெறுவதற்கு இதுவே காரணம்.

பின்னணி

அலபாமா பல்கலைக்கழகம் 1831 இல் டஸ்கலூசா நகரில் திறக்கப்பட்டது. ஆபர்ன் 1856 இல் ஒரு சிறு கல்லூரியாகத் தோன்றி, பின்னர் வேளாண்மை, தொழில்நுட்பக் கல்விக்கான மாநிலக் கல்லூரியாக மாறியது. ஆபர்ன் பல்கலைக்கழகம் என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1960 இல்தான். அலபாமாவை வழக்கறிஞர், மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளின் இடமாகவும், ஆபர்னை உழவர் வீட்டுப் பிள்ளைகளின் இடமாகவும் பார்க்கும் பழைய வழக்கம் இன்றும் கேலிப்பேச்சில் தொடர்கின்றது. மாநிலத்தில் உயர்மட்டத் தொழில்முறைக் காற்பந்துக் கழகம் எதுவும் இல்லை. ஆதலால் மக்களின் பற்று முழுவதும் இவ்விரு பல்கலைக்கழகங்களின் மீதே செல்கின்றது. ஒரே குடும்பத்தில் இரு அணிகளின் ஆதரவாளர்களும் இருப்பது இயல்பு.

முதல் ஆட்டம் 1893 பெப்ரவரி 22 அன்று பர்மிங்காமில் நடைபெற்றது. ஆபர்ன் 32–22 என வென்றது. 1907 ஆட்டம் 6–6 எனச் சமநிலையில் முடிந்தது. அதன்பின் வீரர்களுக்கான அன்றாடச் செலவுப்பணம், அழைத்து வரக்கூடிய வீரர்களின் எண்ணிக்கை, நடுவர் தெரிவு ஆகியவற்றில் உடன்பாடு எட்டப்படாமல் போட்டி நின்றது. சில டாலர்களையும் சில வீரர்களையும் பற்றிய அப்பிணக்கு 41 ஆண்டுகள் நீடித்தது வியப்பிற்குரியது. மாநிலச் சட்டமன்றத்தின் வற்புறுத்தலுக்குப் பின்னர் 1948 இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அலபாமா 55–0 என வென்றது. அதன்பின் 40 ஆண்டுகள் எல்லா ஆட்டங்களும் பர்மிங்காமின் லீஜியன் ஃபீல்டு அரங்கிலேயே நடந்தன. 1989 இல் ஆபர்ன் முதன்முறையாகத் தன் சொந்த அரங்கில் அலபாமாவை எதிர்கொண்டு 30–20 என வென்றது.

வரம்பற்ற காலம்

கல்லூரி வீரர்களுக்கு நெடுங்காலம் சம்பளம் வழங்கப்படவில்லை. அதற்குப் பதிலாகக் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவற்றை உள்ளடக்கிய விளையாட்டு உதவித்தொகை வழங்கப்பட்டது. இதனை முன்வைத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தம் அணிக்கு இழுப்பதே வீரர் சேர்ப்பு எனப்படுகின்றது. ஒரே மாநிலத்தின் பள்ளிகளில் இருந்து இரு அணிகளும் வீரர்களைத் தேடுவதால், நவம்பர் மாத ஆட்டத்தின் முடிவு பல வேளைகளில் சில ஆண்டுகளுக்கு முன்னரே மாணவர்களின் வீட்டுக் கூடங்களில் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

இப்போட்டியில் முறைகேடுகளும் தொடக்கத்திலேயே நுழைந்தன. 1957 இல் ஆபர்ன் 10 ஆட்டங்களிலும் வென்று, அலபாமாவை 40–0 என வீழ்த்தி, அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பில் தேசிய முதன்மை பெற்றது. ஆயினும் வீரர் சேர்ப்பில் பணம் கொடுத்ததற்காகத் தண்டனையில் இருந்தமையால், பருவ இறுதிக் கிண்ண ஆட்டம் எதிலும் அவ்வணி பங்கேற்க முடியவில்லை. அத்தோல்விக்குப் பின்னர் அலபாமா தன் முன்னாள் வீரரான பால் "பேர்" பிரையன்டைப் பயிற்றுனராக அழைத்துக்கொண்டது. 1958 முதல் 1982 வரை அப்பதவியில் இருந்த அவர் 6 தேசிய முதன்மைகளைப் பெற்றுத் தந்தார்.

பிரையன்டின் அணி எண்ணிக்கையின் வலிமையில் நின்றது. 1960களின் நடுப்பகுதியில் வீரர்களைத் தடையின்றி மாற்றிக்கொள்ள விதிகள் இடமளித்தபோது, பெரிய பட்டியலை வைத்திருந்த அணிகளுக்கு அது மேலும் ஆதாயமானது. களைத்த வீரருக்குப் பதில் அவருக்கு ஏறத்தாழ நிகரான மற்றொருவர் இறங்குவார். பெரிய அணிகள் சில வீரர்களைத் தாம் ஆடவைப்பதற்காக அன்றி, எதிரணிக்குக் கிடைக்காமல் செய்வதற்காகவே சேர்த்துக்கொண்டன என்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் பரவலாக இருந்தது.

இரு அணிகளும் உள்ள தென்கிழக்குக் கூட்டமைப்பில் வரம்பு முற்றிலும் இல்லாமல் இல்லை. காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் சேர்த்து 140 உதவித்தொகைகள் என ஒரு விதி இருந்தது. ஆனால் ஆண்டொன்றுக்கு 45 பேர் வரை புதிதாகச் சேர்க்க முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு 45 வீதம் கணக்கிட்டால் 180 ஆகும். மிஞ்சும் 40 பேர் எங்கே போவர்? சரியாக ஆடாத மாணவரை எவ்வகையிலாவது விலகச் செய்தால்தான் கணக்குச் சரிவரும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியின் பயிற்றுனர் பாபி டாட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். சேர்த்த மாணவன் நன்றாக ஆடவில்லை என்பது அவனைத் தேர்ந்தெடுத்த பயிற்றுனரின் பிழையே அன்றி மாணவனின் பிழை அன்று என்பது அவர் நிலைப்பாடு. விதி மாறவில்லை, 1964 இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரி கூட்டமைப்பை விட்டே வெளியேறியது.

வரம்பு எதில் இருந்ததோ இல்லையோ, நிறத்தில் இருந்தது. 1960களின் இறுதி வரை இரு பல்கலைக்கழகங்களும் கறுப்பின மாணவர் எவருக்கும் காற்பந்து உதவித்தொகை வழங்கவில்லை. ஆபர்ன் 1969 இல் ஜேம்ஸ் ஓவன்ஸ் என்பவரையும், அதே ஆண்டின் இறுதியில் அலபாமா வில்பர் ஜாக்சன் என்பவரையும் சேர்த்தன. மாநிலத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒரு பெரும் பகுதியினர் அதுவரை சொந்த மாநிலத்திலேயே கண்டுகொள்ளப்படாதிருந்தனர்.

105, 95, 85

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1973 இல் முதன்முறையாகக் காற்பந்து உதவித்தொகைகளுக்கு நாடு தழுவிய வரம்பை விதித்தது: மொத்தம் 105, ஆண்டுக்குப் புதிதாக 30. செலவைக் குறைப்பதே முதன்மை நோக்கம். கல்வியில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கிய 1972 ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் இவ்வழுத்தத்தைக் கூட்டியது. வரம்பு 1978 இல் 95 ஆகவும், 1992 முதல் படிப்படியாகக் குறைந்து 1994 இல் 85 ஆகவும் ஆனது. உயர்மட்டக் காற்பந்தில் ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்தாலும் அது ஒரு முழு உதவித்தொகையாகவே எண்ணப்பட்டது. எனவே 85 என்பது 85 தலைகள். அதற்கு மேல் வேண்டுவோரை, தம் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆடுபவர்களாகவே அணியில் வைத்திருக்க முடிந்தது.

இதன் விளைவு அயர்ன் பவுலில் உடனடியாகத் தெரியவில்லை. மாறாக, 1973 முதல் 1981 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து அலபாமாவே வென்றது. அவற்றுள் ஏழு ஆட்டங்களில் வேறுபாடு 10 புள்ளிகளுக்கும் அதிகம். 1973 இல் 35–0. முன்னரே சேர்க்கப்பட்ட வீரர்கள் அணியில் இருந்தனர். பிரையன்ட் 1971 இல் புகுத்திய புதிய தாக்குதல் முறையும், கறுப்பின வீரர்களுக்குக் கதவு திறந்ததும் அலபாமாவிற்குத் துணை நின்றன.

பிரையன்டிடம் உதவிப் பயிற்றுனராக இருந்த பேட் டை 1981 இல் ஆபர்னின் பொறுப்பை ஏற்றபின் நிலை மாறியது. பர்மிங்காமை அடுத்த பெசமர் ஊரில் பிறந்த போ ஜாக்சன், நியூயார்க் யாங்கீஸ் அடிபந்தாட்டக் கழகம் தன்னைத் தெரிவு செய்திருந்தும் அதை ஏற்காமல் ஆபர்னில் சேர்ந்தார். 1982 ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அவர் தடுப்பு வீரர்களின் மேலாகத் தாவி எல்லைக்கோட்டைக் கடக்க, ஆபர்ன் 23–22 என வென்றது. அதுவே பிரையன்டின் கடைசி அயர்ன் பவுல். 1982 முதல் 1989 வரையிலான எட்டு ஆட்டங்களில் ஆறை ஆபர்ன் வென்றது. அவ்வெட்டு ஆட்டங்களில் ஆறின் முடிவில் வேறுபாடு 5 புள்ளிகளுக்கு மேற்படவில்லை என்பது முந்தைய பத்தாண்டோடு ஒப்பிடத்தக்கது. இதனை வரம்பு ஒன்றின் விளைவாக மட்டும் கொள்ள முடியாது. நல்ல பயிற்றுனரும் ஒரு போ ஜாக்சனும் எந்த விதியாலும் கிடைப்பவர்கள் அல்லர். எனினும் ஓரணியிடமே எல்லோரும் குவிவது இயலாமற்போனது இரண்டாம் அணிக்கு வழிவிட்டது.

தண்டனையாக வரம்பு

உதவித்தொகையின் எண்ணிக்கையே வலிமை என்பதால், அதைப் பறிப்பதே கடும் தண்டனையும் ஆயிற்று. 1990களின் முற்பகுதியில், வீரர் ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது தொடர்பான விவகாரத்தில் ஆபர்ன் தண்டிக்கப்பட்டது. பேட் டை 1992 இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஆபர்ன் 11 ஆட்டங்களிலும் வென்றும் தொலைக்காட்சியில் தோன்றவோ கிண்ண ஆட்டத்தில் பங்கேற்கவோ முடியவில்லை.

2002 இல் அலபாமாவின் முறை வந்தது. ஆதரவாளர் ஒருவர் பள்ளி வீரர் ஒருவரைச் சேர்ப்பதற்காகப் பணம் கொடுத்த விவகாரத்தில், இரண்டு ஆண்டுகள் கிண்ண ஆட்டத் தடையும் மூன்று ஆண்டுகளில் 21 உதவித்தொகைகளின் இழப்பும் விதிக்கப்பட்டன. 2002 முதல் 2007 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து ஆபர்னே வென்றது. 2007 இல் நிக் சேபன் அலபாமாவின் பயிற்றுனரானார். மறு ஆண்டு அலபாமா 36–0 என அத்தொடரை முடித்தது.

மிகைச் சேர்ப்பு

1973 இல் உதவித்தொகை வரம்போடு மற்றொரு மாற்றமும் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்டு வந்த உதவித்தொகை, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. இரண்டும் சேர்ந்தபோது பாபி டாட் எதிர்த்த பழைய கணக்கு வேறு வடிவில் திரும்பியது. இருக்கும் இடங்களைவிட அதிகமானோரிடம் பெப்ரவரியில் கையொப்பம் பெற்றுக்கொண்டு, ஆகஸ்டுக்குள் எண்ணிக்கையை 85 ஆகக் குறைப்பது மிகைச் சேர்ப்பு எனப்பட்டது. சிலர் வேறு கல்லூரிக்கு மாறினர். சிலர் சேர்வதை அரை ஆண்டு தள்ளிப்போடும்படி கேட்கப்பட்டனர். காயத்தைக் காரணம் காட்டி, வரம்பில் எண்ணப்படாத மருத்துவ உதவித்தொகைக்கு மாற்றப்பட்டவர்களும் உண்டு. அவர்களின் படிப்புத் தொடரும்; ஆனால் அப்பல்கலைக்கழகத்தில் ஆட்டம் முடிந்துவிடும். சேபனின் அலபாமா இதற்காகப் பெரிதும் விமர்சிக்கப்பட்டது. விதிகளை மீறவில்லை என அது மறுத்தது. 2009 இல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஒரே ஆண்டில் 37 பேரைச் சேர்த்த பின்னர், தென்கிழக்குக் கூட்டமைப்பு ஆண்டுச் சேர்ப்பை முதலில் 28 ஆகவும், 2011 இல் 25 ஆகவும் கட்டுப்படுத்தியது. பல ஆண்டுகளுக்கான உதவித்தொகை 2012 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

அண்மைய ஆட்டங்களும் மாற்றங்களும்

2009 முதல் 2012 வரை நான்கு தேசிய முதன்மைகளும் தொடர்ந்து அலபாமா மாநிலத்திற்கே சென்றன. அவற்றுள் 2010 ஆபர்னுடையது. அவ்வாண்டு 24 புள்ளிகள் பின்தங்கியிருந்து ஆபர்ன் 28–27 என வென்ற பின்னர், அலபாமா ஆதரவாளர் ஒருவர் ஆபர்ன் நகரின் டூமர்ஸ் முனையில் இருந்த முதிய ஓக் மரங்களுக்கு நஞ்சிட்டார். மரங்கள் 2013 இல் அகற்றப்பட்டன. நஞ்சிட்டவர் சிறை சென்றார். அதே 2013 இல், 28–28 என்ற நிலையில் கடைசி ஒரு நொடியில் அலபாமா உதைத்த பந்து இலக்கை எட்டாமல் விழ, அதனை ஏந்திய கிரிஸ் டேவிஸ் களத்தின் மறுமுனை வரை ஓடி ஆட்டத்தை 34–28 என ஆபர்னுக்கு முடித்துவைத்தார்.

2021 சூலை முதல் வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பணம் ஈட்ட அனுமதிக்கப்பட்டனர். அதே ஆண்டு முதல், ஒரு முறை வேறு பல்கலைக்கழகத்திற்கு மாறுபவர் ஓராண்டு காத்திராமல் ஆடலாம் என்றும் ஆயிற்று. வாய்ப்புக் கிடைக்காத வீரரை இரண்டாம் வரிசையில் நிறுத்தி வைப்பது இதனால் கடினமாயிற்று. 2025 சூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். 2025–26 கல்வியாண்டிற்கு இதன் உச்சம் ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர். உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு என்.சி.ஏ.ஏ.யின் 85 உதவித்தொகை வரம்பு நீங்கி, காற்பந்து அணியின் மொத்த வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. அவ்வெண் 105, 1973 இல் முதலில் விதிக்கப்பட்ட அதே எண். அன்று 105 உதவித்தொகைகளுக்கு மேலும் தம் செலவில் ஆடுவோருக்கு இடமிருந்தது. புதிய விதியில் அவர்களும் 105க்குள் எண்ணப்படுகின்றனர்.