பிளிட்விட்சே ஏரிக்கரையில் பசியெடுத்தால்...

குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா போவது நம்மவர் மத்தியிலும் பெருகிவிட்டது. எதைப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். பிள்ளைகளுக்கு எதை உண்ணக் கொடுப்பது என்பதை மட்டும் போய் இறங்கிய பிறகே யோசிக்கிறோம்.

குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் தேசியப் பூங்காவான இடம். 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. பதினாறு ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் படியிறங்குகின்றன. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு பாசிமேல் படிந்து கல்லாகி, தானே அணைகளைக் கட்டியிருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

நாள் முழுதும் நடந்து வெளியே வந்தால் வீதியோரத்தில் மரத்தாலான பழைய பாணிச் சாப்பாட்டுக்கடைகள். வாசலிலே முழு ஆட்டுக்குட்டி கம்பியில் கோத்துத் தணலில் சுழன்றுகொண்டிருக்கும். பசித்த வயிற்றுக்கு அந்த வாசனை போதும். ஆனால் பக்கத்துக் கம்பியில் சுழல்வது பன்றிக்குட்டியாக இருக்கலாம். இரண்டையும் ஒரே பலகையில், ஒரே கத்தியால் வெட்டவும் கூடும்.

லீக்கா எனப்படும் அந்த மலைநாட்டில் குளிர் அதிகம். அதனால் பழைய சமையலில் பன்றிக் கொழுப்பு எங்கும் புகுந்திருக்கிறது. உருளைக்கிழங்கை அதில் வாட்டுவார்கள். அவரை சூப்பில் புகையூட்டிய பன்றி இறைச்சி மிதக்கும். 'சர்மா' என்றால் கோவா இலையில் சோறும் இறைச்சியும் சுருட்டியது. துருக்கிப் பெயர்தான், ஆனால் பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் உபசாரமாகச் சின்னக் கிண்ணத்தில் 'ரக்கியா' வைப்பதும் உண்டு. தண்ணீர் போலத் தெளிந்த சாராயம் அது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று சொற்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். 'ஸ்வீன்யெத்தினா' பன்றி இறைச்சி, 'மாஸ்த்' கொழுப்பு, 'வீனோ' வைன். இவற்றுக்கு முன்னால் 'பெஸ்' என்று சேர்த்தால் 'இல்லாமல்' என்று பொருள். வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்பது நம் உரிமை.

ஆட்டிறைச்சி விடயத்தில், வேதக்காரர் அறுத்ததை ஆகுமாக்கும் உலமாக்களும் உண்டு. இக்காலத்து அறுப்பு முறையை எண்ணித் தவிர்க்கச் சொல்வோரும் உண்டு. புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. இந்தச் சிக்கலே இல்லாதது 'பஸ்த்ர்வா' என்னும் ஆற்றுமீன். வேறு தாச்சியில், தாவர எண்ணெயில் பொரிக்கச் சொல்லுங்கள். கூடவே 'ஷ்கிரிபாவாட்ஸ்' என்ற பாற்கட்டி. கடித்தால் பல்லில் கிறீச்சிடும், பெயரும் அதனால் வந்ததே. 'பேக்கா' சமையலையும் எட்டிப் பாருங்கள். மூடிமேல் தணலை அள்ளிப்போட்டு வேகவைப்பார்கள். சிரட்டைத் தணலில் பிரியாணிக்குத் தம் போட்ட உம்மாமார் கண்டால் மெல்லச் சிரிப்பார்கள்.

ஹலால் இறைச்சிதான் வேண்டுமென்றால் எல்லைக்கு அப்பால் பிஹாச் இருக்கிறது. நாம் தொழுகையில் துஆக் கேட்ட பொஸ்னியாவின் அதே பிஹாச்தான். 1992 முதல் 1995 ஆகஸ்ட் வரை முற்றுகையில் பசித்துக் கிடந்த ஊர். இன்று அங்கே பாங்கோசை கேட்டபடி 'செவாப்பி' எனும் சுட்ட இறைச்சியை ரொட்டியோடு உண்ணலாம். ஒரு விடயம்: குரோஷியா 2023 முதல் ஷெங்கன் நாடு, பொஸ்னியா அப்படியல்ல. ஒரே தடவை நுழையும் விசாவோடு எல்லை தாண்டினால் திரும்பி வர முடியாது. கடவுச்சீட்டைத் திறந்து பார்த்த பிறகே வண்டியில் ஏறுங்கள்.