நன்றி சொல்ல முடியாத பத்து நாள்

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கைதான். காலியாகப்போகும் சாதப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, ஆவி பறக்கும் இன்னொன்றை வைக்கும் கை. கட்டைவிரலில் பழைய தீக்காயத் தழும்பு. நிமிர்ந்து முகம் பார்க்க வழியில்லை. சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபஸ்ஸனா முகாம். பேச்சோடு சைகை, கண்ஜாடைக்கும் தடை. ‘ஆரிய மௌனம்’ என்கிறார்கள். செல்போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் நுழையும்போதே ஒப்படைத்துவிட வேண்டும்.

விடிகாலை 4 மணிக்கு மணியடிக்கும். ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானம். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது. நான்காம் நாளிலிருந்து உடம்பில் எழும் உணர்வுகளை. முட்டி வலி எல்லோருக்கும் உண்டு. அதைவிட என்னை வாட்டியது, ஒருவர் ஆக்கிப்போட்டதைச் சாப்பிட்டுவிட்டு ‘நல்லா இருந்துச்சுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டைக் கழுவி வைத்தது.

இடம், சாப்பாடு, பயிற்சி எதற்கும் கட்டணமில்லை. நாமாகக் கொடுத்தாலும் முன்கூட்டி வாங்க மாட்டார்கள். ஒரு முகாமையாவது முடித்தவரிடம்தான் நன்கொடை பெறுவார்கள். ஆசிரியர்களுக்கும் சம்பளம் கிடையாது. மாண்டலேயில் பிறந்த வியாபாரி எஸ்.என். கோயங்கா 1969-ல் பர்மாவிலிருந்து இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். இகத்புரி உட்பட அவர் வழிவந்த மையங்களில் எல்லாம் இதே விதிதான்.

இந்த விதியின் அருமை எனக்கு ஆறாம் நாள்தான் உறைத்தது. காசு கட்டியிருந்தால் வெந்நீர் வரவில்லை, சாம்பாரில் புளி தூக்கல் என்று மனசு கணக்குப் போட்டிருக்கும். கட்டாததால், பிச்சை ஏற்கும் பிக்குவின் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மாலை 5 மணிக்குக் கிடைக்கும் பொரியும் வாழைப்பழமும் யாரோ முகம் தெரியாதவர் தந்தவை. தேரவாதம் சொல்லும் பத்துப் பாரமிதைகளில் முதலாவது தானம். சீலம்கூட அடுத்துத்தான் வருகிறது. நம் மணிமேகலையின் அமுதசுரபியும் ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகுதானே அள்ள அள்ளக் குறையாமல் சுரந்தது!

பத்தாம் நாள் காலை மௌனம் கலைந்ததும் அந்தக் கையைத் தேடிப் போனேன். வங்கி ஊழியராம். லீவு போட்டுவிட்டுச் சேவைக்கு வந்திருக்கிறார். நன்றி சொன்னேன். அவருக்குக் கூச்சம்.

“போன வருஷம் நான் உக்காந்தப்போ யார் சமைச்சாங்கன்னே தெரியாது சார்” என்றவர், “உப்பெல்லாம் சரியா இருந்துச்சா?” என்று கேட்டார்.

நன்கொடை மேசையில் என்னால் முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்கினேன். அதில் சாப்பிடப்போகிறவர் இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து, பத்து நாள் பேசாமல் இருக்க முடியுமா என்ற யோசனையோடு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கலாம்.