காகிதத்தில் ஒரு அடி, கடலில் ஒன்றரை அடி!



நம்ம பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் வீட்டில் படகு இருக்கிறது. உங்க படகு தண்ணிக்குள்ள எவ்வளவு இறங்கி நிற்குதுன்னு யாராவது அளந்து பார்த்திருக்கீங்களா? போன மாசி மாதம் வரைக்கும் நாங்களும் அளந்ததில்லை.

எங்க வீட்டில் இருப்பது 24 அடி பாய்மரப் பைபர் வள்ளம். வாங்கும்போது செய்தவர்கள் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் "எடை 700 கிலோ, டிராப்ட் 30 செ.மீ." என்று இருந்தது. டிராப்ட் என்றால் நீர்மட்டத்திலிருந்து ஏராவின் அடி வரைக்கும் உள்ள ஆழம். (ஏரா என்பது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் பகுதி. கடல் பக்கம் வராத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.) 30 செ.மீ. என்றால் ஒரு அடி. அந்தக் கணக்கை நம்பித்தான் எல்லாரும் படகு ஓட்டினோம்.

மாசியில் ஒருநாள் நீர் வற்றின நேரம். முகத்துவாரத்தில் அண்ணன் சுக்கான் பிடித்து வரும்போது படகு மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. ஏராவின் பின்பக்கம் பெயர்ந்துபோய் 2,500 ரூபாய் செலவு. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேப்பர்லயே ஒரு அடின்னு போட்டிருக்கு. ஒன்றேகால் அடி தண்ணியில எப்படிடா தட்டும்? உனக்கு வாய்க்கால் பார்க்கத் தெரியலை" என்றார்.

"தண்டை ஊன்றிப் பார்த்துட்டுத்தாம்பா வந்தேன். ஒன்றேகால் அடி இருந்துச்சு" என்றான் அண்ணன். யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து சுக்கான் அவன் கைக்குப் போகவில்லை.

அந்த வாரம் அறிவியல் சாரிடம் இதைச் சொன்னேன். "மிதத்தல் விதி படிச்சோமே, ஞாபகம் இருக்கா? படகு எவ்வளவு எடையோ அவ்வளவு எடைத் தண்ணியைத் தள்ளித்தான் மிதக்கும். எடை கூடினா இறங்கித்தான் ஆகணும். போய் அளந்து பாரேன்" என்றார். அவர் சொன்ன முறையை அப்படியே தருகிறேன்.

டிராப்ட் அளப்பது எப்படி?

மிதக்கிற படகின் ஏராவைத் தொட்டு அளக்க முடியாது. அதனால் இரண்டு தடவை அளக்க வேண்டும்.

முதலில் படகு கரையில் இருக்கும்போது, இரண்டு விளிம்புக்கும் குறுக்கே ஒரு பலகை வைத்து, பலகையிலிருந்து ஏராவின் அடி வரைக்கும் உயரத்தை அளந்தோம். பிறகு காலையில் அலை இல்லாத நேரம் படகை மிதக்க விட்டு, அதே இடத்தில் அதே பலகையை வைத்து, தூக்குக்குண்டு கட்டிய நூலால் பலகையிலிருந்து நீர்மட்டம் வரைக்கும் அளந்தோம். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டிராப்ட். தண்ணி ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து தடவை அளந்து சராசரி எடுத்தோம். கடலுக்குப் போகும்போது உள்ள சாமான், ஆட்கள் எல்லாம் படகில் இருந்தன. நான் தண்ணியில் நின்றுதான் அளந்தேன்.

அணியத்தில்: 110 – 78 = 32 செ.மீ.
நடுவில்: 90 – 52 = 38 செ.மீ.
அமரத்தில்: 96 – 52 = 44 செ.மீ.

அமரத்தில் 44 செ.மீ., ஏறக்குறைய ஒன்றரை அடி! ஒன்றேகால் அடி என்பது 38 செ.மீ.தான். அப்போ தட்டாமல் என்ன செய்யும்? சுக்கானில் யார் உட்கார்ந்திருந்தாலும் தட்டியிருக்கும்.

எடை கண்டுபிடிப்பது எப்படி?

படகைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் கடலே ஒரு தராசு. 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் 12 எடுத்து நிரப்பி, படகின் நடுவில் வைத்தோம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ, ஆக மொத்தம் 240 கிலோ. படகு 3 செ.மீ. இறங்கியது. அப்படியென்றால் 1 செ.மீ. இறங்க 80 கிலோ. காகிதத்தில் உள்ளதைவிடப் படகு நடுவில் 8 செ.மீ. கூடுதலாக இறங்கி நின்றதே, அதற்கு 8 × 80 = 640 கிலோ. (படகு மேலே போகப்போக அகலமாவதால் இது தோராயக் கணக்குத்தான்.)

இந்த 640 கிலோ எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றாக எடை போட்டோம். பாய், பாய்மரம், பருமல் 90. ஈர வலை 120. நங்கூரமும் கயிறும் 25. ஐஸ் பெட்டி 70. குடிதண்ணி, அடுப்பு 15. ஆட்கள் மூன்று பேர் 170. மொத்தம் 490 கிலோ. காகிதத்தில் இருந்தது வெறும் படகின் கணக்கு! பாயும் இல்லாமல், ஆளும் இல்லாமல், புதுசாக நிற்கிற படகு. அப்படி யார் கடலுக்குப் போகிறார்கள்?

மீதி 150 கிலோ?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அப்பா யோசித்துவிட்டு, படகைக் கரையேற்றி, மூடிக் கிடந்த அடித்தட்டின் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டார். தண்ணி வடிந்தது. ராத்திரி முழுக்க வடிந்து எட்டுக் குடம், அதாவது 120 லிட்டர் வந்தது. பைபரில் எங்கோ ஒரு விரிசல். படகு கவிழ்ந்தாலும் முழுகாமல் இருக்கத்தான் அங்கே போம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்தப் போமே தண்ணி குடித்து ஊறிக் கிடந்தது. வாடைக்காற்றில் படகு கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

தண்ணி வடிந்த பிறகு மறுபடி அளந்தோம். நடுவில் 36.5 செ.மீ. 120 கிலோவுக்கு 1.5 செ.மீ. கணக்கு சரியாக வந்தது. மிச்சம் 30 கிலோ, ஒட்டுப்போட்டதும் பெயிண்ட் அடித்ததும் என்று வைத்துக்கொண்டோம். விரிசலை அடைத்துப் புதுப் போம் வைத்தாயிற்று.

உங்களுக்குத் தெரியுமா?

* அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றிக் கப்பல்கள் முழுகுவதைத் தடுக்க, இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடினார். 1876-இல் கப்பலின் பக்கவாட்டில் எடைக்கோடு போடுவது அங்கே சட்டமானது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலும் இந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

* கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1,025 கிராம். நல்ல தண்ணீர் 1,000 கிராம்தான். அதனால் ஆற்றுநீரில் படகு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். எங்க படகுக்கு அது அரை செ.மீ.கூட இல்லை. பெரிய கப்பலுக்கு அதிகம், அதனால்தான் நல்ல தண்ணீருக்குத் தனிக்கோடு உண்டு.

* ஸ்பெயின் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று திட்டமிட்டதைவிட 70 டன்னுக்கும் மேல் எடை கூடிவிட்டது என்று 2013-இல் தெரியவந்தது. அதன் நீளத்தைச் சுமார் 10 மீட்டர் கூட்டித்தான் சரிசெய்தார்கள். அது 2023-இல்தான் கடற்படையில் சேர்ந்தது. பெரிய இன்ஜினியர்களுக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்!

இப்போது எங்க படகில் அணியம், நடு, அமரம் மூன்று இடத்திலும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். தண்ணி கோட்டைத் தாண்டினால், ஒன்று சாமான் கூடுதல், இல்லாவிட்டால் உள்ளே தண்ணி. பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

காகிதத்தில் 30 என்று இருந்ததை அப்பா பேனாவால் அடித்துவிட்டு 44 என்று எழுதினார். அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலை படகைத் தள்ளும்போது, "வாடா, நீ பிடி" என்று சுக்கானைக் காட்டிவிட்டு அணியத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நண்பர்களே! ஒரு பலகை, ஒரு நூல், ஒரு டேப் இருந்தால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுப் படகையும் அளந்து பாருங்கள். கணக்கு வராவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போடலாம்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்