நூறு கம்ப்யூட்டர், ஒரே திரை: எந்தக் கண்காணிப்பு மென்பொருள் சரி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது நெம்மேலி. இங்கே கடல்நீரைக் குடிநீராக்க 2013-ல் தினமும் 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலையும், 2024-ல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு ஆலையும் திறக்கப்பட்டன. இதுபோன்ற ஆலையில் ஒரு பம்ப் நின்றால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் உடனே தெரிய வேண்டும். குழாயில் தண்ணீர் வராதபோதுதான் தெரியும் என்றால் எப்படி இருக்கும்?

பல அலுவலகங்களின், கல்லூரிகளின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் அப்படித்தான் ஓடுகிறது. "சார், நெட் வரலை" என்று போன் வந்த பிறகுதான் விஷயமே தெரியும். இதற்குத் தீர்வு நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள். லைசென்ஸ் கட்டணம் இல்லாத திறந்த மூல மென்பொருட்களே இதற்கு நிறைய இருக்கின்றன.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு கருவியிடமும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "இருக்கியா?" என்று கேட்பதுதான் அடிப்படை. ஸ்விட்ச், ரவுட்டர், பிரிண்டர் போன்றவை 1988-ல் உருவான எஸ்.என்.எம்.பி. என்ற பொது முறையில் பதில் சொல்லும். சர்வரில் 'ஏஜென்ட்' என்ற சிறு மென்பொருளைப் போட்டால், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி என்பது வரை சொல்லிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்விட்ச், ரவுட்டர்தான் அதிகம் என்றால் லிப்ரே-என்.எம்.எஸ். எளிது, கருவிகளைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். சர்வர், கம்ப்யூட்டர், ஸ்விட்ச் எல்லாம் கலந்திருந்தால் லாத்வியாவில் பிறந்த ஜாபிக்ஸ் பொருந்தும். கிளை அலுவலகத்தில் அதன் 'பிராக்ஸி'யை வைத்தால், இணைப்பு அறுந்தாலும் தகவலைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும். 1999-ல் நெட்செயிண்ட் என்ற பெயரில் வந்த நாகியோஸ் உறுதியானது. ஆனால் அமைப்புகளைக் கோப்புகளில் எழுதப் பொறுமை வேண்டும். கிளவுடில் அடிக்கடி மாறும் சர்வர்களுக்கு புரோமிதியஸ்.

கட்டணம் இல்லை என்றாலும் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அது முடியாதவர்கள் கட்டண மென்பொருளுக்குப் போகலாம். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து இயங்கும் ஜோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியதே நெட்வொர்க் நிர்வாக மென்பொருளில்தான்.

நிறுவியதும் என்ன செய்யணும்?

முதலில் பாஸ்வேர்டு. ஜாபிக்ஸுடன் வரும் பாஸ்வேர்டு ஊரறிந்தது. எஸ்.என்.எம்.பி.யில் பல கருவிகளுக்கு 'பப்ளிக்' என்பதே கடவுச்சொல். இரண்டையும் அன்றே மாற்றுங்கள். கருவி ஏற்றுக்கொண்டால் எஸ்.என்.எம்.பி. 3-ம் பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, எச்சரிக்கையைக் குறையுங்கள். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அப்படி ஓர் இரவில் ஒரு ஸ்விட்ச் நின்றால், அதன் பின்னால் உள்ள 40 கம்ப்யூட்டருக்கும் 40 செய்தி வரும். உண்மையான பிரச்சினை அதில் புதைந்துவிடும். எது எதைச் சார்ந்தது என்று பதிவு செய்துவிட்டால், ஸ்விட்சுக்கான ஒரே செய்தி போதும். ஒருமுறை பதில் வராததற்கெல்லாம் அலற வேண்டாம். தொடர்ந்து மூன்று முறை தவறினால் சொல்லட்டும்.

கடைசியாக, கண்காணிக்கும் கம்ப்யூட்டரையும் யாராவது கண்காணிக்கணும். அதற்கு யு.பி.எஸ். கொடுங்கள். அது நின்றால் சொல்ல, வெளியே வேறோர் இடத்தில் சிறிய சோதனை ஒன்றை வையுங்கள்.

எல்லாம் முடிந்ததா? ஒரு ஸ்விட்சின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். பொறுப்பாளர் போனுக்கு ஒரே ஒரு செய்தி வந்தால் அமைப்பு சரி. எதுவும் வராவிட்டாலும், நாற்பது வந்தாலும் வேலை இன்னும் பாக்கி.